தேவாலா, பந்தலூர் பகுதியில் கைவிடப்பட்ட சுரங்கங்களில் எடுத்தது வெள்ளியும் ஈயமுமா, தங்கமா?

பந்தலூர் ஆசிரியர்:

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டத்தின் மேற்குக் கோடியில், பந்தலூர் வட்டத்தில் உள்ள ஒரு பள்ளியில் அறிவியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுடன் பாறைகளையும் மண் வகைகளையும் பார்க்கச் சென்றபோது, தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் ஓரத்தில் பழைய சுரங்க வாய் ஒன்றைக் கண்டோம். ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவுக்கு உயரம் இருந்தது. மேலிருந்து பெரணிச் செடிகள் திரைபோலத் தொங்கின. நாங்கள் உள்ளே செல்லவில்லை. ஆனால் வாயிலிலிருந்து கசிந்து வந்த நீர் தரையெங்கும் செங்காவி நிறச் சேற்றைப் படியவிட்டிருந்ததையும், பக்கத்தில் உடைத்த வெங்கச்சங்கற்கள் (குவார்ட்ஸ்) ஒரு மேடாகக் குவிந்து கிடந்ததையும் அனைவரும் பார்த்தோம்.

அந்தக் குவியலிலிருந்து ஒரு மாணவி எடுத்த கல்லின் உடைந்த பக்கத்தில், கடுகு முதல் துவரை வரையான அளவில், வெண்மையும் மஞ்சளும் கலந்தாற்போன்ற பளபளப்பான மணிகள் பதிந்துள்ளன. கல் அதன் அளவைவிடக் கனமாகத் தோன்றுகிறது. அருகே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், வெள்ளைக்காரர் காலத்தில் வெள்ளியும் ஈயமும் எடுத்த குகை அது என்று உறுதியாகச் சொன்னார். நானோ இப்பகுதியில் தங்கம் தேடினார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

எது உண்மை? அந்தச் செங்காவிச் சேறு எதனால் உண்டாகிறது? இத்தனை சுரங்கங்களை வெட்டியவர்கள் ஏன் அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்? மாணவர்கள் ஒவ்வொரு நாளும் கேட்கிறார்கள். ஊகத்தை விடையாகச் சொல்ல எனக்கு மனமில்லை. அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கல்லும் காலமும்:

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். கனிமம் தேடும் பணியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவன் நான். தேவாலாவிலிருந்து பந்தலூர், சேரம்பாடி வரையிலான மலைச்சரிவுகளில் வெங்கச்சங்கல்லைத் தொடர்ந்து சென்ற பழைய சுரங்கங்கள் தங்கத்துக்காக வெட்டப்பட்டவை. வெள்ளிக்கும் ஈயத்துக்கும் ஏற்ற நிலம் அதுவன்று. ஏன் என்பதை விளக்கினால் உங்கள் மற்றக் கேள்விகளுக்கும் அதிலேயே விடை கிடைத்துவிடும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஊட்டி, குன்னூர், கோத்தகிரி அமைந்துள்ள உயர்ந்த மேட்டுநிலம் சார்னோகைட் என்னும் கரிய பாறையால் ஆனது. மேட்டின் வடக்கு விளிம்பில் மாயாறு ஓடும் அந்த ஆழமான பள்ளம் ஆற்றரிப்பால் மட்டும் உண்டானதென்று பலர் நினைக்கிறார்கள். ஆறு தனக்குப் பாதையாகப் பிடித்துக்கொண்டது மிகப் பழைய ஒரு காயத்தை. மண்ணுக்கடியில் வெகு ஆழத்தில், இரண்டு பெரும் பாறைத் திணிவுகள் ஒன்றையொன்று உரசி நழுவியதால் நொறுங்கியும் இழுபட்டும் போன வலயம் அது. கூடலூர், தேவாலா, பந்தலூர் அடங்கிய வயநாட்டுப் பகுதி அந்த வலயத்தை ஒட்டி அமைந்துள்ளது. இங்குள்ள அடித்தளப் பாறைகள் ஹார்ன்பிளெண்டு நிறைந்த நைஸ் என்னும் வரிப்பாறையும், இரும்புச்சத்து மிகுந்த ஆம்பிபோலைட்டும் ஆகும். இவற்றின் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள்.

இத்தகைய வலயங்களில் ஆழத்திலிருந்து வெந்நீர் பிளவுகளின் வழியே மேலேறி வரும். எல்லா வெந்நீரும் எல்லா உலோகத்தையும் சுமப்பதில்லை. உப்பு குறைந்து, கரைந்த கந்தகம் மிகுந்திருக்கும் நீர் பொன்னைச் சுமக்கும். ஈயத்தையும் துத்தநாகத்தையும் பெருமளவில் சுமப்பதற்கு உப்பு மிகுந்த நீர் வேண்டும். வயநாட்டுப் பிளவுகளில் வந்தது முதல் வகை. அந்த நீர் இரும்புச்சத்துள்ள பாறையைத் தொட்டபோது, அதிலிருந்த கந்தகம் இரும்புடன் சேர்ந்து பைரைட் என்னும் கனிமமாக மாறியது. தன்னைக் கரைத்து வைத்திருந்த கந்தகம் பிரிந்துபோனதும் பொன்னும் அங்கேயே படிந்தது. பொன்னும் பைரைட்டும் ஒரே கல்லில் அடுத்தடுத்துக் காணப்படுவதற்குக் காரணம் இதுதான். பிளவை நிரப்பிய சிலிக்கா வெங்கச்சங்கல்லாக உறைந்தது.

ஈயமும் வெள்ளியும் சேர்ந்து கிடைக்கும் இடங்களைப் பார்த்தால் நிலத்தின் அமைப்பே வேறாக இருக்கும். உதயப்பூருக்குத் தெற்கே உள்ள ஜாவரிலும், ஆந்திரத்தின் அக்னிகுண்டலாவிலும் கலீனா என்னும் ஈயக் கனிமம் டாலமைட் பாறையில் தங்கியிருக்கிறது. நம் மாநிலத்திலேயே, பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் மாமண்டூரில் துத்தநாகமும் ஈயமும் செம்பும் கந்தகத்துடன் கலந்த கனிமங்களாக உள்ளன. கலீனாவின் உள்ளே வெள்ளி சிறிதளவு ஒளிந்திருக்கும். பழங்காலத்தவர் அதை உருக்கி முதலில் ஈயமாக்கி, பின்னர் அந்த ஈயத்தை எலும்புச் சாம்பலால் செய்த மூசையில் இட்டுக் காற்று ஊதிக் காய்ச்சினார்கள். ஈயம் காற்றுடன் சேர்ந்து மிருதார்சிங்கி என்னும் ஈய ஆக்சைடாகிச் சாம்பலில் ஊறிவிடும். ஊறாத வெள்ளி மட்டும் ஒரு துளியாக மூசையின் நடுவே மிஞ்சும். உங்கள் ஊர்ச் சுரங்கங்களில் இந்த வேலைக்கு இடமே இருந்ததில்லை. வெள்ளி என்று ஏதாவது இருந்தால், அது இயற்கைப் பொன்னுக்குள்ளேயே கலந்திருக்கும் சிறு பங்குதான்.

இனி அந்த மாணவியின் கல். மூன்று எளிய சோதனைகள் போதும். தரையில் பதிக்கும் ஓட்டின் பின்புறம் போன்ற, மெருகிடாத வெண்ணிறப் பீங்கானில் அந்த மணியை உரசிப் பாருங்கள். கலீனாவாக இருந்தால் ஈயச் சாம்பல் நிறக் கோடு விழும். பைரைட்டாக இருந்தால் பசுமை தோய்ந்த கருமை நிறக் கோடு விழும். பொன்னாக இருந்தால் கோடும் பொன்னிறமாகவே இருக்கும். அடுத்து, பேனாக்கத்தியின் முனையால் கீறுங்கள். ஒன்று முதல் பத்து வரையான மோஸ் அளவுகோலில் கலீனாவின் கடினம் இரண்டரைதான். கத்தி எளிதாகக் கீறிவிடும். பைரைட்டின் கடினம் ஆறுக்கு மேல், கத்தி வழுக்கும். மூன்றாவதாக, மணி எப்படி உடைகிறது என்று பாருங்கள். கலீனா சின்னஞ்சிறு கனசதுரங்களாகப் பிளக்கும். பைரைட் ஒழுங்கின்றி நொறுங்கும். கல்லை நெருப்பில் இட்டுச் சோதிக்க மட்டும் எவரையும் விடாதீர்கள். இத்தகைய கற்களில் ஆர்சனிக் கலந்த கனிமமும் இருக்கக்கூடும். தொட்டபின் கைகளைக் கழுவச் சொல்லுங்கள்.

செங்காவிச் சேறும் பைரைட்டின் வேலையே. காற்றும் நீரும் பட்டால் பைரைட் சிதைந்து, கந்தகம் அமிலமாகவும் இரும்பு துருவாகவும் பிரியும். அந்தத் துருவைத்தான் நீர் வெளியே கொண்டுவந்து படியவிடுகிறது. அந்த ஊற்று நீரை மாணவர்கள் குடிக்கவோ, மீன் வளர்க்கவோ பயன்படுத்தக் கூடாது.

கூடலூர் வரலாற்று வாசகர்:

மேலே எழுதிய ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. ஏன் விட்டுவிட்டுப் போனார்கள் என்ற கேள்விக்கு நான் படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே முதலில் பொன் எடுத்தவர்கள் ஐரோப்பியர் அல்லர். குறும்பரும் பணியரும் ஓடை மணலை மரவையில் இட்டுச் சுழற்றிப் பொன்துகள் எடுத்துவந்தார்கள். மலையில் வெங்கச்சங்கல்லைத் தோண்டி இடித்து அரித்ததற்கான பழைய குழிகளும் இருந்தன. கீழே நிலம்பூர்ப் பக்கம் சாலியாற்றின் மணலிலும் இதே தொழில் நடந்தது. மலையில் இந்தப் பகுதி அப்போது மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1877-இல்தான் நீலகிரியுடன் சேர்க்கப்பட்டது. 1830களின் தொடக்கத்திலேயே கிழக்கிந்தியக் கும்பினி அரசு இந்தப் பொன்னைப் பற்றி விசாரித்தது. பெரிய வருமானம் வராது என்று கண்டு விட்டுவிட்டது.

நாற்பது ஆண்டுகள் கழித்து ஆசை திரும்பி வந்ததற்குக் காரணம் காப்பி. வயநாட்டுக் காப்பித் தோட்டங்களைத் தண்டு துளைப்பான் புழுவும், பின்னர் இலைத்துரு நோயும் தாக்கின. கடனில் மூழ்கிய தோட்டக்காரர்களுக்குத் தங்கள் நிலத்தின் அடியில் இருக்கும் வெள்ளைக் கல் ஒரு கடைசி நம்பிக்கையாகத் தெரிந்தது. 1870களின் நடுவில் ஆல்பா என்ற நிறுவனம் தேவாலா அருகே வேலையைத் தொடங்கியது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் வில்லியம் கிங் 1875-இல் தென்கிழக்கு வயநாட்டைப் பற்றி அறிக்கை எழுதினார். 1879-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலராக இருந்த பிரோ ஸ்மித் என்பவரை அரசு வரவழைத்தது. அவருடைய அறிக்கை லண்டனில் பெரும் நம்பிக்கையை எழுப்ப, ஓரிரு ஆண்டுகளுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் பல லட்சம் பவுண்டு மூலதனத்துடன் பதிவாயின. இந்தியன் கிளென்ராக், இந்தியன் ஃபீனிக்ஸ் முதலிய பெயர்கள் அந்தக் காலத்தவை. கிளென்ராக் என்ற பெயர் உங்கள் பகுதியில் ஒரு தோட்டத்தின் பெயராக இன்றும் வழங்குகிறது.

அந்தப் பணம் போன வழிதான் என்னைக் கோபப்படுத்துகிறது. முதலீட்டில் பெரும்பகுதி நிலத்தை விற்றவர்களுக்கும் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நட்டத்தில் கிடந்த காப்பித் தோட்டம் தங்க நிலமாகப் பெயர் மாறி, பல மடங்கு விலைக்கு லண்டனில் கைமாறியது. பாறையைத் தோண்டிப் பார்ப்பதற்கு முன்பே இடிக்கும் பொறிகளைக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். வழியோ எளிதன்று: ஊட்டிக்கு ரயில் வந்தது 1908-இல்தான். எனவே இரும்புப் பொறிகள் மாட்டு வண்டிகளில் மலைப்பாதை ஏறித்தான் வரவேண்டியிருந்தன. ஆலைகள் ஓடத் தொடங்கியபோது கிடைத்த பொன் செலவில் சிறு பங்கைக்கூட ஈடுகட்டவில்லை. 1880களின் தொடக்கத்திலேயே நிறுவனங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. என்னைப் பொறுத்தவரை, இது மலையின் பெயரால் நடந்த பெரிய ஏமாற்று.

1901-இல் நிலவியல் துறையைச் சேர்ந்த ஹேடனும் ஹாட்ச்சும் வயநாட்டுத் தங்க வயல்களை மறுபடி முறையாக ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, இந்தக் கற்களில் லாபத்துக்கு வேலை செய்யும் அளவு பொன் இல்லை என்ற முடிவுக்கே வந்தது.

கல்லும் காலமும்:

நண்பர் தந்துள்ள வரலாறு மிக நன்று. ஏமாற்று என்ற சொல்லில் மட்டும் எனக்கு ஒரு திருத்தம் உண்டு. பங்கு விற்றவர்களில் பலருக்கு அந்தச் சொல் பொருந்தும். ஆனால் கல்லைச் சோதித்தவர்கள் அனைவரும் பொய் சொன்னார்கள் என்று நான் நம்பவில்லை. அந்தக் கல்லே அவர்களைத் தவறான வழியில் அழைத்துச் சென்றது.

தேவாலா தமிழ்நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. அந்த மழை பல லட்சம் ஆண்டுகளாகப் பாறையின் மேற்பகுதியை ஊறவைத்து மக்கச் செய்திருக்கிறது. ஆசிரியர் சுரங்க வாயில் கண்ட அதே மாற்றம் அங்கே மிகப் பெரிய அளவில் நடந்துள்ளது. பைரைட் துருவாகிப் போக, அதற்குள் சிறைப்பட்டிருந்த பொன் விடுதலை பெற்று, தேன்கூடு போல ஓட்டை விழுந்த பழுப்புக் கல்லில் தனித் துகள்களாக நின்றது. கந்தகமும் இரும்பும் கரைந்து போனதால் மிஞ்சிய கல்லில் பொன்னின் விகிதமும் உயர்ந்துவிட்டது. அந்தக் காலத்துச் சோதனைக் கற்களில் பல இந்த மேற்பகுதியிலிருந்து எடுக்கப்பட்டவை. கண்ணுக்கே பொன் தெரியும் கல்லைப் பொறுக்கி எடுத்துச் சோதித்தால் முடிவு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிறகு ஆலை வந்தது. கனமான இரும்பு உலக்கைகள் வரிசையாக ஏறி இறங்கிக் கல்லை மாவாக்கும். அந்த மாவு நீருடன் சேர்ந்து பாதரசம் பூசிய செப்புத் தகட்டின் மீது ஓடும். பொன்துகள் பாதரசத்தில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலவையைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகிப் பொன் நிற்கும். மக்கிய மேற்கல்லுக்கு இந்த முறை நன்றாகவே உதவும். சுரங்கம் கீழே இறங்கியதும் சிதையாத பைரைட் எதிர்ப்பட்டது. பொன்னின் ஒரு பகுதி பைரைட்டுக்குள் மிக நுண்ணிய துகள்களாகப் பூட்டிக் கிடந்ததால் பாதரசம் அதைத் தொடவே முடியவில்லை. போதாக்குறைக்குக் கந்தகம் பாதரசத்தின் மேல் படலமாகப் படிந்து அதன் ஒட்டும் ஆற்றலையும் கெடுத்தது. இருந்த சிறிதளவு பொன்னிலும் ஒரு பங்கு கழிவு மணலோடு ஓடையில் போய்விட்டது.

இத்தகைய கல்லிலிருந்து பொன்னைப் பிரிக்கும் சயனைடு முறை கிளாஸ்கோ நகரில் 1887-இல்தான் காப்புரிமை பெற்றது. அதற்குள் வயநாட்டு ஆலைகளில் பெரும்பாலானவை நின்றுவிட்டன. ஐந்தாறு ஆண்டு முன்னால் வந்திருந்தால் எல்லாம் மாறியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஹேடனும் ஹாட்ச்சும் வந்த 1901-இல் அந்த முறை இருந்தது, அப்போதும் கணக்கு ஒத்துவரவில்லை. ஒரு டன் கல்லில் இருந்த பொன்னே மிகக் குறைவு என்பதுதான் அடிப்படை. கோலாரில் அதே 1880களில் கிடைத்த கல்வரியோ கிலோமீட்டர் கணக்கில் தொடர்ந்து கீழிறங்கியது. 2001-இல் மூடும்போது அங்கே சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் போயிருந்தது. வயநாட்டில் இந்த வரிகள் பருத்தும் மெலிந்தும் துண்டுபட்டும் கிடக்கின்றன.

சேரம்பாடி மகள்:

வணக்கம். நான் நிலவியலோ வரலாறோ படித்தவள் அல்லள். சேரம்பாடிப் பக்கம் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து வளர்ந்தவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். என் பெற்றோர் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலங்கையின் மலையகத்திலிருந்து வந்து, அரசு தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்றவர்கள். 1968-இல் தாயகம் திரும்பியோருக்காகத் தொடங்கப்பட்ட அந்தத் திட்டம்தான் பின்னர் டான்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று. எங்களுக்கு முன்பே சுரங்கங்கள் இருந்தன; அவற்றைச் சுற்றித்தான் எங்கள் குடும்பங்கள் குடியேறின.

ஆசிரியர் ஐயா சந்தித்த பெரியவர் பொய் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். எங்கள் லயனிலும் சில பெரியவர்கள் அதை வெள்ளிக் குகை என்றே சொல்வார்கள். டார்ச் வெளிச்சத்தில் அந்தக் கல் வெண்மையாக மின்னும். சேரம்பாடிப் பகுதியில் அபிரகமும் (மைக்கா) வெட்டியெடுக்கப்பட்டதால், மின்னும் கல்லெல்லாம் வெள்ளி என்ற பேச்சு எளிதாகப் பரவியிருக்கலாம்.

நான் எழுத வந்தது வேறொன்றுக்காக. கிடைமட்டமான குகை வாய் கண்ணுக்குத் தெரியும். நேராகக் கீழே இறங்கும் குழிகள் தெரியாது. ஆடிமழை முடிந்தபின் உண்ணிச்செடியும் பெரணியும் வாயை முழுதும் மூடிவிடும். எங்கள் வீட்டுக் கறவை மாடு அப்படி ஒரு குழியில் விழுந்து, மூன்று நாள் கத்தி, பிறகு ஓய்ந்தது. இறங்கித் தூக்க ஆண்கள் வந்தார்கள். ஒருவர் கயிற்றில் பாதி இறங்கியதும் கையில் இருந்த விளக்கு அணைந்துபோனது. மேலே இருந்தவர்கள் உடனே இழுத்துவிட்டார்கள். அடியில் காற்று இல்லை என்று என் அப்பா சொன்னார்.

இன்றும் சிலர் வேலையில்லாத நாட்களில் இரவில் பழைய குகைகளுக்குள் போய்க் கல் வெட்டுகிறார்கள். சட்டம் அதை அனுமதிக்கவில்லை. மண் சரிந்தும் மூச்சுத் திணறியும் உயிர் போன செய்திகள் தேவாலாப் பகுதியிலிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. வெட்டிய கல்லை வீட்டிலேயே இடித்துப் பாதரசம் சேர்த்து அடுப்பில் காய்ச்சுபவர்களும் உண்டு. அந்த ஆவி அதே அறையில் தூங்கும் குழந்தைகளின் மூச்சிலும் போகிறது. உங்கள் மாணவர்களில் சிலர் அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வரக்கூடும், ஐயா. கண்டிக்கும் குரலில் பேசினால் அவர்கள் வாயைத் திறக்கமாட்டார்கள். ஆவி உடலுக்குள் போனால் நடுக்கமும் நினைவுக் குழப்பமும் வரும் என்பதை மட்டும் வகுப்பில் பாடமாகச் சொல்லுங்கள். பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்வார்கள்.

பந்தலூர் ஆசிரியர்:

மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. உடைந்த பீங்கான் ஓடு ஒன்றின் மெருகில்லாத பக்கத்தில் இன்று வகுப்பிலேயே உரசிப் பார்த்தோம். கோடு கருமையாக விழுந்தது. சன்னலருகே கொண்டுபோய்ப் பார்த்தபோது அதில் மெல்லிய பசுமை தெரிந்தது. கத்தி முனை கீறவில்லை. உடைந்த துண்டுகளில் கனசதுரம் எதுவும் இல்லை. ஆகவே பைரைட் என்றே எழுதிக்கொண்டோம். கல்லை எடுத்த மாணவிக்கு முதலில் வருத்தம். பாதரசத் தகட்டைக் கெடுத்து ஆலைகளை வீழ்த்தியது இதே கனிமம்தான் என்று சொன்னதும் கல்லைத் திரும்ப வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேரம்பாடித் தங்கை எழுதியதைப் படித்தபின், அடுத்த வாரம் பாதரசத்தைப் பற்றிய பாடத்தை முன்னதாகவே எடுக்கத் திட்டமிட்டுள்ளேன். சுரங்க வாயைச் சுற்றி முள்வேலி இடுமாறு ஊராட்சிக்கு மனுவும் எழுதியிருக்கிறோம். கல்லும் காலமும் ஐயாவிடம் ஒரு கேள்வி: இந்தக் கல்லைப் பள்ளி அறையில் வைத்திருந்தால் அதுவும் சிதைந்து அமிலம் விடுமா?

கல்லும் காலமும்:

பந்தலூரின் ஈரக்காற்றில் விடத்தான் செய்யும், மெதுவாக. மேலே வெண்மையான பொடி பூத்தால் சிதைவு தொடங்கிவிட்டது என்று பொருள்; அட்டைப் பெட்டியில் வைத்தால் அட்டையும் அரிக்கப்படும். நன்றாக உலர்த்தி, இறுக மூடும் கண்ணாடிப் புட்டியில், அடியில் சிறிது சிலிக்கா ஜெல் இட்டு வையுங்கள். இன்னொரு துண்டு இருந்தால் அதை மூடாமல் ஈரமான தட்டில் வைத்து, மாதம் ஒருமுறை நிறமாற்றத்தைக் குறித்துவரச் சொல்லுங்கள். மழைக்காலம் முடிவதற்குள் தட்டில் செங்காவிக் கறை தெரியத் தொடங்கும்.